பாதி விலைச் சென்சார்

சம்பா நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் தஞ்சாவூர்ப் பட்டறைகளில் கார்கள் வரிசை கட்டும். அதற்கு முன்னால், நடவுக்கும் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் கை இறுகிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. வண்டி ஓடுகிறதல்லவா, அறுப்பு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் நெடுங்காலமாகப் பட்டறை நடத்திவரும் மெக்கானிக் ஒருவருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். தை, மாசியில் வருகிற காருக்கு ஸ்கேனர் போட்டால், விளக்கு எரியத் தொடங்கிய பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைக் காரின் கணினியே சொல்லிவிடும். மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் பலமுறை போய்வந்த தூரம் அதில் பதிவாகியிருக்கும்.

அப்படி வருகிற விளக்குகளில் கணிசமானவை ஆக்ஸிஜன் சென்சாரைச் சுட்டிக்காட்டும். பட்டறை மொழியில் ஓ-டூ சென்சார். சர்வீஸ் சென்டரில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வந்தவர் தயங்கித் தயங்கி அடுத்த கேள்விக்கு வருவார்.

“தம்பி, இதே மாதிரி வேற கம்பெனி சாமான் கிடைக்காதா?”

“கிடைக்கும் ஐயா. பாதி விலைக்கும் கிடைக்கும், அதுக்குக் கீழேயும் கிடைக்கும். உங்க வண்டிக்கு எது ஒத்துக்கும்னு பாத்துட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி, போனது சென்சார்தானான்னு பாக்கணும்.”

இந்தப் பதிலில் உள்ள இரண்டு வேலைகளும் இரண்டு தனித்தொழில்கள் என்றே சொல்லலாம். கெட்டுப்போனது எது என்று கண்டுபிடிப்பது ஒன்று. மாற்றாகப் போடக்கூடியது எது என்று தேர்ந்தெடுப்பது இன்னொன்று. பெரும்பாலான பட்டறைகளில் இரண்டாவது வேலையை ஸ்பேர் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். முதல் வேலையைச் செய்வதே இல்லை.

ஆக்ஸிஜன் சென்சார் இருப்பது சைலன்சர் குழாயின் தொடக்கத்தில். ஸ்பார்க் ப்ளக் போன்ற உருவம், பின்னால் ஒயர் வால், முனையில் துளை போட்ட எஃகுக் கூடு. கூட்டுக்குள்ளே விரல் நுனி வடிவில் ஒரு பீங்கான் குப்பி. யிட்ரியம் கலந்த சிர்கோனியா என்கிற பீங்கான் அது. சூடேறிய சிர்கோனியா ஆக்ஸிஜன் அயனிகளைத் தன் வழியே கடத்தும் என்பதை 1890களின் இறுதியில் ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் விளக்கு செய்யப் பயன்படுத்தினார். அதே பீங்கானை பாஷ் நிறுவனம் காரின் புகைக்குழாய்க்குக் கொண்டுவந்தது. 1976இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விற்பனைக்குப் போன வோல்வோ கார்களில்தான் அது முதலில் பொருத்தப்பட்டது. அந்த மாநிலத்தின் புகைக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமை.

குப்பியின் உட்புறம் வெளிக்காற்று, வெளிப்புறம் புகை. இரண்டு பக்கத்திலும் ஆக்ஸிஜன் அளவு வேறுபடும்போது மின்னழுத்தம் பிறக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் மீந்திருந்தால், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருந்தால், 0.1 வோல்ட் பக்கம் நிற்கும். பெட்ரோல் கூடிவிட்டால் 0.9 வோல்ட்டுக்கு ஏறும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த நடுப்புள்ளியில் 0.45 வோல்ட். கணினி இந்த எண்ணைப் பார்த்தே பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், மறுபடி கூட்டும். சூடான, நல்ல நிலையில் உள்ள சென்சார் 2,500 சுற்று வேகத்தில் பத்து வினாடிக்குள் எட்டு முறையாவது அந்த நடுக்கோட்டைத் தாண்டி மேலும் கீழும் போய்வரும். ஸ்கேனர் திரையில் இந்த அலையைப் பார்ப்பதில் அந்த நாஞ்சிக்கோட்டை சாலை மெக்கானிக்குக்கு இன்றைக்கும் ஆர்வம் குறையவில்லை. பையன்களைக் கூப்பிட்டு நிறுத்தி, அலை எந்த இடத்தில் சோம்புகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்.

அவர் தொழில் பழகியது அம்பாசடர், பிரிமியர் பத்மினி காலத்தில். கார்புரேட்டரின் திருகைத் திருப்பி, என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு, ப்ளக்கின் நிறத்தைக் கண்ணால் பார்த்து பெட்ரோலை அளந்த காலம் அது. ப்ளக் முனை செங்கல் நிறத்தில் இருந்தால் சரி, கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு சான்ட்ரோ வந்தது. 2000இல் மாருதி 800-க்கும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. காது பார்த்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. அந்தக் கணினிக்கு மூக்காக அமைந்தது இந்தச் சென்சார்.

ஈயம் கலந்த பெட்ரோல் இருந்தவரை இந்தியாவில் இது சாத்தியப்பட்டிருக்காது. ஈயம் படிந்தால் சென்சாரின் பிளாட்டினப் பூச்சு செத்துவிடும், பின்னாலிருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் செத்துவிடும். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் கன்வெர்ட்டர் பொருத்திய புதிய கார்களுக்காக ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். டெல்டாவின் பெட்ரோல் பங்க்குகளில் அந்த மாற்றம் யார் கண்ணிலும் படாமல் நடந்தது. ஆனால், அடுத்த இருபது ஆண்டுகளில் இங்கே ஓடப்போகிற அத்தனை கார்களின் தலையெழுத்தும் அதில்தான் இருந்தது.

ஸ்கேனர் கைக்கு வராத நாட்களில் பழைய சுசூகி வண்டிகளில் ஒரு வழி இருந்தது. சோதனைக் கப்ளரின் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எண் சொல்லும். ஒரு சிமிட்டு, சிறு இடைவெளி, பிறகு மூன்று சிமிட்டு என்றால் பதின்மூன்று: ஆக்ஸிஜன் சென்சார். இப்போது பதினாறு முனைக் கப்ளரில் கைபேசியோடு பேசும் சிறிய கருவியைச் செருகினால் போதும், P0135 என்று எழுத்திலேயே வந்துவிடும். வசதி கூடியிருக்கிறது. கூடவே ஒரு கெடுதலும் வந்திருக்கிறது: எண்ணைப் படித்தவர்கள் எல்லோரும் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரின் கார் நம் மெக்கானிக்கிடம் வந்த கதையைக் கேட்க வேண்டும். வேறொரு பட்டறையில் P0171 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, காற்று கூடுகிறது என்று சென்சார் சொல்வதால் சென்சார்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, மலிவான ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். சில நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. இன்னொரு சென்சார் மாட்டினார்கள். அதற்கும் அதே விளக்கு. வண்டி நாஞ்சிக்கோட்டை சாலைக்கு வந்தபோது அவர் சென்சாரைத் தொடவே இல்லை. என்ஜினைக் குளிரவிட்டு மறுபடி ஓடவிட்டார். மேனிஃபோல்ட் இணைப்பருகே மெல்லிய ‘டிக் டிக்’ சத்தம் கேட்டது. கேஸ்கெட் விட்டிருந்தது. புகை வெளியே தள்ளப்படும் ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த கணம் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. அந்தக் காற்றைச் சென்சார் உள்ளபடியே பார்த்துச் சொல்லியிருக்கிறது. பழைய சென்சாரும் நல்லது, புதிதாகப் போட்ட இரண்டும் நல்லவை. சென்சாரைவிட மிகக் குறைந்த விலையுள்ள ஒரு கேஸ்கெட்டோடு விஷயம் முடிந்துவிட்டது.

“உள்ளதச் சொன்னவனப் போயி ரெண்டு தடவ மாத்திருக்கானுவளே தம்பி” என்று அந்தப் பெரியவர் வருத்தப்பட்டாராம்.

ஆகவே மாற்றுப் பாகம் பற்றிய பேச்சுக்கு முன்னால் மல்டிமீட்டர் பேச வேண்டும் என்பதில் மெக்கானிக் உறுதியாக இருக்கிறார். சிர்கோனியா சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். புகையின் சூட்டை மட்டும் நம்பினால் தாமதமாகும் என்பதால் 1980களிலிருந்து சென்சாருக்குள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்தார்கள். நாலு ஒயர் சென்சாரில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னலுக்கு, ஒன்று எர்த்துக்கு. P0135, P0141 போன்ற எண்கள் ஹீட்டர் சுற்றைச் சொல்பவை. கப்ளரைக் கழற்றி ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே ஓம் பார்த்தால், வண்டிக்கு வண்டி மாறினாலும் சில ஓமிலிருந்து பதினைந்து ஓம் வரை காட்டும். எல்லையில்லாமல் காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றித்தான் ஆகவேண்டும். சரியான ஓம் காட்டினால் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும், ரிலேவைப் பார்க்க வேண்டும், ஒயரைப் பார்க்க வேண்டும்.

டெல்டாவில் அந்த ஒயருக்குத் தனி எதிரிகள் உண்டு. சம்பா அறுவடையானதும் வயலில் மறைவும் தீனியும் இழந்த எலிகள் வீட்டுப் பக்கம் திரும்புகின்றன. பயிர் நிற்கும்போது மூங்கில் கிட்டி வைத்துப் பிடித்தவை போக மிச்சமெல்லாம், களத்து ஓரம் நிறுத்திய காரின் பானெட்டுக்குள் கதகதப்புக் கண்டு குடியேறிவிடும். என்ஜின் பக்கத்து ஒயர்களில் சென்சார் ஒயரும் ஒன்று. அடுத்தது சாலை. உளுந்தும் பயறும் பிடுங்கி முடிந்த பங்குனி, சித்திரையில் செடிகளைக் கிராமச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அடிக்க விடுவது இங்கே வழக்கம். கொடிகள் அடிப்பகுதியில் சிக்கி, கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள இரண்டாவது சென்சாரின் ஒயரை இழுத்து அறுத்துவிடும். கன்வெர்ட்டரின் சூட்டில் காய்ந்த கொடி பற்றிக்கொள்ளவும் கூடும். இதை அவர் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்கிறார்: கொடி பரப்பிய சாலையில் போய்வந்தால் வண்டியை நிறுத்தி ஒருமுறை குனிந்து பாருங்கள்.

பிறகு தண்ணீர். ஐப்பசி அடைமழையில் ரோட்டின் மேல் வாய்க்கால் ஓடும் ஊர்கள் இங்கே நிறைய. நூற்றுக்கணக்கான டிகிரியில் பழுத்திருக்கும் பீங்கானில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, நீரில் நின்ற வண்டிகள் வாரக்கணக்கில் பட்டறைகளுக்கு வந்தன. வேதாரண்யம், நாகப்பட்டினக் கார்களில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. சென்சார் தன் மரையோடு துருப்பிடித்து ஒன்றிப் போயிருக்கும். மரையின் அளவு பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், ஸ்பானர் 22. என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒயர் நுழைய வெட்டு விட்ட சாக்கெட்டால் மெதுவாகத் திருக வேண்டும். அவசரப்பட்டால் குழாயின் மரையும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் லேத் பட்டறைக்குப் போய் டேப் அடிக்க வேண்டியதுதான்.

இத்தனையும் பார்த்து, சென்சார்தான் போனது என்று உறுதியான பிறகு வருகிறது பாதி விலைக் கேள்வி. இந்த இடத்தில் அவர் பேச்சில் ஒரு வேகம் வந்துவிடும். ஏனென்றால், மலிவுப் பாகம் என்று ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் கடையில் உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது, சென்சார் செய்த கம்பெனியின் சொந்தப் பெட்டி. கார் கம்பெனிகள் ஆக்ஸிஜன் சென்சாரைத் தாங்களே செய்வதில்லை. பாஷ், டென்ஸோ, என்.டி.கே. போன்ற சில நிறுவனங்கள்தான் உலகத்தின் பெரும்பகுதிக் கார்களுக்குச் செய்து கொடுக்கின்றன. அதே பொருள் கார் கம்பெனியின் முத்திரை போட்ட பெட்டியில் ஒரு விலைக்கும், செய்தவரின் பெட்டியில் குறைந்த விலைக்கும் வருகிறது. கழற்றிய பழைய சென்சாரின் உடம்பை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்தால் எண் தெரியும். பாஷ் சென்சார் என்றால் 0258 என்று தொடங்கும் பத்து இலக்கம். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்து வாங்கினால் கப்ளர் முதற்கொண்டு அப்படியே பொருந்தும். இதை வாங்க ஒருவர் தயங்கவே வேண்டாம் என்பார் அவர். ஷோரூம் ரசீதைவிட இந்த எண்ணில்தான் அவருக்கு நம்பிக்கை.

இரண்டாவது, பொதுவகைச் சென்சார். கப்ளர் இருக்காது, நாலு ஒயர் மொட்டையாக நிற்கும். பழைய சென்சாரின் கப்ளரை வெட்டி இதில் இணைத்துக்கொள்ள வேண்டும். விலை இன்னும் குறைவு, வேலை இன்னும் அதிகம். ஒயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. பாஷில் இரண்டு வெள்ளை ஒயர்கள் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்ஸோவில் இரண்டு கறுப்பு ஹீட்டருக்கு, நீலம் சிக்னல், வெள்ளை எர்த். ஒரு கம்பெனியில் சிக்னல் கொண்டுபோகும் கறுப்பு, இன்னொன்றில் பேட்டரியின் 12 வோல்ட்டைச் சுமக்கிறது. நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்கிவிட்டால், ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக எதிர்பார்த்துக் காத்திருக்கும் கணினியின் காலில் 12 வோல்ட் போய் விழும். சென்சாரில் மிச்சம் பிடித்தது கணினியில் போய்விடும். இந்த இரண்டு வரிசைகளையும் பெயின்ட்டால் பட்டறைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்.

ஒயரை இணைக்கும் முறையும் முக்கியம். ஈயப்பற்று வைப்பது மற்ற இடத்தில் நல்ல வேலை, இங்கே கெட்ட வேலை. குப்பியின் உட்புறத்துக்கு வேண்டிய வெளிக்காற்று பல சென்சார்களில் ஒயரின் மெல்லிய இழைகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாகத்தான் போகிறது. பற்று வைத்தால் சந்து அடைபடும், சென்சாருக்கு மூச்சு நின்றுவிடும். கிரீஸ் வைத்தாலும், ஸ்ப்ரே அடித்துக் கழுவினாலும் அதே கதி. நசுக்கி இணைக்கும் ஸ்லீவ் போட்டு, நீர் புகாத உறை சுருக்கி, ஒவ்வொரு இணைப்பையும் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி வைக்க வேண்டும். இந்தக் காரணத்தை விளக்கிச் சொன்னால் பையன்கள் ஒருபோதும் மறப்பதில்லை என்கிறார். வெறுமனே பற்று வைக்காதே என்று சொன்னால் மறுநாளே வைத்துவிடுவார்களாம்.

மூன்றாவது, பெட்டி மட்டும் பெரிய பெயர் சொல்லும் போலி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலும் நல்ல சரக்கு விற்கும் பழம்பெரும் கடைகள் இருக்கின்றன. அதே தெருக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கிருந்தோ வருகிற சரக்கும் இருக்கிறது. அச்சில் எழுத்துப் பிழை, உடம்பில் எண் பொறிக்காமல் ஸ்டிக்கர், முனைக்கூட்டின் துளைகள் கோணலாக இருப்பது, மரையில் பூசி வரவேண்டிய பசை இல்லாமலிருப்பது, இவையெல்லாம் முதல் அடையாளங்கள். கடைசி அடையாளம் ஸ்கேனரில் கிடைக்கும். மாட்டியவுடன் விளக்கு அணைந்துவிடும், வண்டிக்காரர் மகிழ்ந்துவிடுவார். ஆனால் பத்து வினாடியில் எட்டு முறை ஏறி இறங்க வேண்டிய அலை இரண்டு மூன்று முறைதான் சோம்பலாகப் புரளும். அது தாமதமாகச் சொல்லும் சேதியை நம்பிக் கணினி பெட்ரோலைக் கொட்டும். கொட்டிய பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூட்டுப் பீங்கான் உருகினால் அதன் விலை பல சென்சார்களின் விலை. புதுச் சென்சார் மாட்டியதும் சூடாக்கி, 2,500 சுற்றில் வைத்து, அலையை வாடிக்கையாளருக்கே காட்டிவிட்டுத்தான் அவர் பில் எழுதுகிறார். மற்ற பட்டறைகளும் இதைச் செய்தால் போலிச் சரக்குக்கு இந்த மாவட்டத்தில் இடமே இருக்காது.

கப்ளர் பொருந்துவதால் மட்டும் சென்சார் பொருந்திவிடாது என்பதற்கு அவர் காட்டும் உதாரணங்கள் பல. சில டொயோட்டா வண்டிகளில் முன் சென்சாருக்கு நாலு ஒயர்தான், பார்வைக்குச் சாதாரணச் சென்சார் மாதிரியே இருக்கும். ஆனால் அது மின்னோட்டத்தால் பேசும் காற்று-எரிபொருள் சென்சார். அதன் இடத்தில் வோல்ட் சென்சாரை மாட்டினால் கணினிக்கு ஒன்றும் புரியாது. ஐந்து ஒயர் அகலப்பட்டைச் சென்சார் இன்னும் நுட்பம். பாஷ் வகையில் ஒவ்வொரு சென்சாரையும் தொழிற்சாலையில் அளந்து, அதற்கேற்ற சிறு ரெசிஸ்டர் ஒன்றைக் கப்ளருக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கப்ளரை வெட்டினால் அளவையே வெட்டி எறிந்ததாகும். ஆகவே ஐந்து ஒயர் என்றால் பொதுவகைச் சென்சார் என்ற பேச்சுக்கே அவர் இடம் கொடுப்பதில்லை. ஹீட்டரின் ஓம் அளவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்த ஓம் உள்ள ஹீட்டர் அதிக மின்னோட்டம் இழுத்துக் கணினியின் சுவிட்சைச் சுட்டுவிடும்.

முன் சென்சாரும் பின் சென்சாரும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. முன்னது பெட்ரோலை அளக்கிறது. பின்னது முக்கியமாகக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காவல் காக்கிறது. கையில் பணம் குறைவாக இருக்கும் வாடிக்கையாளரிடம் அவர் சொல்வது இதுதான்: பின்னதுக்குப் பொதுவகை போட்டுக்கலாம், முன்னதுக்குச் செய்தவன் பெட்டியே வாங்குங்க. இந்தப் பிரிவினை நியாயமானது. சர்வீஸ் சென்டர் இதைச் சொல்வதில்லை, மலிவுக்கடை இதைச் சொல்வதில்லை. கார் யாருடையது, நிலம் எத்தனை மா, பணம் எப்போது வரும் என்றெல்லாம் தெரிந்த உள்ளூர்ப் பட்டறைதான் சொல்ல முடியும்.

ஆனால் கன்வெர்ட்டர் செத்துப்போனதை மறைக்கப் பின் சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் வைத்துப் புகையிலிருந்து தூக்கி நிறுத்தச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அந்த வேலையை அவர் எடுத்துக்கொள்வதில்லை. நாற்று நடுகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும் சாலை ஓரத்தில் அந்த வண்டியின் புகைதான் போகப்போகிறது என்று கோபமாகவே சொல்லியனுப்புவார்.

தனிப் பட்டறைக்காரர்களுக்கு இந்தப் பேச்சையெல்லாம் பேச உரிமை இருக்கிறதா என்ற கேள்வி ஒரு காலத்தில் பெரிய வழக்காயிற்று. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குள்ளேயே பூட்டிவைப்பதாகக் கார் கம்பெனிகள் மீது 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் போனது. 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஆணையம் மாருதி, டாட்டா, ஹோண்டா உள்ளிட்ட 14 நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும், வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமும் தொடங்கியது. நாஞ்சிக்கோட்டை சாலையில் இதன் பலன் எந்த அளவுக்கு வந்திருக்கிறது? பாகங்களின் எண்கள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன, தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டிகள் திருச்சி வரை தாராளமாக வருகின்றன. புது மாடல்களின் ஒயரிங் வரைபடம் மட்டும் இன்னும் சிரமப்பட்டுத்தான் கைக்கு வருகிறது. ஒரு கார் வாங்கியவருக்கு அதைத் தன் ஊரில் தன் வசதிக்குப் பழுதுபார்க்கும் உரிமை இருக்கிறது. அந்த வரைபடத்தைத் தராத எந்த ஏற்பாடும் அந்த உரிமையைப் பாதியில் நிறுத்துகிற ஏற்பாடுதான்.

இப்போது வேறு ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது, இப்போது பங்க்கில் கிடைப்பது அதுதான். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. சுத்தமான எத்தனால் ஒரு கிலோ எரிய 9 கிலோ காற்று போதும். இருபது சதவீதக் கலவைக்கு அது சுமார் 13.5 கிலோ. எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் கணினி எட்டு, ஒன்பது சதவீதம் எரிபொருளைக் கூட்டித் தரவேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளின் ஸ்கேனர் திரையில் ஃப்யூவல் ட்ரிம், அதாவது கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவைச் சொல்லும் எண், மேலே ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டு, சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றிப்போடுகிற பட்டறைகள் உண்டு. சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் அந்த எண் ஏறுகிறது. இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் எத்தனால் ஆலைகளுக்குப் போகிறது என்பதை நெல் விளைவிப்பவர்களிடமே விளக்கும்போது அவர்கள் காட்டும் அக்கறை தனி. தங்கள் டேங்க்கில் ஊற்றுவதில் ஒரு பங்கு எங்கோ ஒரு வயலில் விளைந்தது என்று தெரிந்ததும், மைலேஜ் கொஞ்சம் குறைவது ஏன் என்பதும் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது.

சென்சாரைக் கொல்லும் இன்னொரு பொருள் பட்டறைக்குள்ளேயே இருக்கிறது: சிலிகான் கேஸ்கெட் பசை. சாதாரணப் பசையிலிருந்து வரும் ஆவி என்ஜின் வழியாகப் புகையில் கலந்து பீங்கான் மேல் வெள்ளையாகப் படியும். சென்சாருக்குத் தீங்கில்லாத பசை என்று குழாயின் மேலேயே போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். கழற்றிய சென்சாரின் முனையை அவர் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பழுப்புச் சாம்பல் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் படிவு என்றால் பசை, அல்லது ஹெட் கேஸ்கெட் விட்டுக் கூலன்ட் உள்ளே வருகிறது. அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் எந்த விலைச் சென்சார் மாட்டினாலும் அதற்கும் அதே முடிவுதான். ஹீட்டர் உள்ள நல்ல சென்சார் 1,60,000 கிலோமீட்டர் வரை உழைக்கக்கூடியது. நாற்பதாயிரத்தில் செத்தால் செத்ததற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு ஸ்கூட்டரிலும் பைக்கிலும் ஆக்ஸிஜன் சென்சார் ஏறிவிட்டது. மரை காரைவிடச் சிறியது, 12 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும். சிலவற்றில் ஹீட்டர் உண்டு, சிலவற்றில் ஒற்றை ஒயர்தான். வயலுக்கு உர மூட்டை ஏற்றிப் போகிற வண்டி, சேற்றிலும் வாய்க்கால் தண்ணீரிலும் இறங்குகிற வண்டி. அதன் சென்சாருக்கு மாற்றுப் பாகம் இப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. எது எதற்குப் பொருந்தும் என்ற நம்பகமான பட்டியல் கைக்குக் கிடைக்கவில்லை. பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு மாடலிலும் ஒயரின் நிறம், ஹீட்டரின் ஓம், உடம்பில் உள்ள எண் மூன்றையும் அவர் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். பாபநாசத்திலும் திருவையாற்றிலும் உள்ள பைக் மெக்கானிக்குகள் போன் செய்து கேட்டால் அந்த நோட்டைப் பார்த்துப் படித்துச் சொல்கிறார். அவர்கள் அளந்ததையும் கேட்டு அதிலேயே எழுதிக்கொள்கிறார்.